டீசல் டாக்டரும் என் அரக்கு முத்திரையும்

டெல்லியில் ஓடிய லாரிகளுக்கெல்லாம் ஒரே ஒரு டாக்டர்தான் இருந்தார். அவரைத் தோற்கடித்தவன் நான். நியாயமாகத் தோற்கடிக்கவில்லை. நோய்க்குக் காரணம் என் கையில் இருந்தது; அதை மறைத்துவிட்டு அவரை ஊர் சிரிக்க விட்டேன். இந்த வயதில் இதைப் பூசி மெழுக எனக்குத் தெம்பில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் ஓர் அரசுக் கிடங்கில் வண்டிகளுக்குப் பொறுப்பான அதிகாரியாக இருந்தேன். அங்கே மெக்கானிக்காக இருந்தவரை எல்லோரும் டீசல் டாக்டர் என்றுதான் அழைத்தார்கள். சங்ககிரிக்காரர், வீடு ஜங்புராவில், தமிழர் குடிசைப்பகுதியான மதராசி கேம்பில். கழுத்தில் எந்நேரமும் ஸ்டெதஸ்கோப் தொங்கும். எப்படிக் கிடைத்தது என்று கேட்டால் ஒவ்வொருவருக்கும் ஒரு கதை சொல்வார். இன்ஜின் ஓடும்போது அதை டீசல் பம்பின் மேல் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். அப்போது பக்கத்தில் யாரும் இருமக்கூடாது.

டீசலில் சந்தேகம் வந்தால் ஒரு சொட்டை நாக்கில் விட்டுக்கொள்வார். "மண்ணெண்ணெய் கலந்திருக்குதுங்க சார். பங்க் எதுன்னு வேணாச் சொல்லட்டுங்களா?" என்பார். பிறகு கேன்டீன் டீயைக் குடித்துவிட்டு, அதிலும் கலப்படம் என்று அதே முகத்தோடு தீர்ப்புச் சொல்வார்.

ஒருநாள் லக்ஷ்மிபாய் நகரில் என் குவார்ட்டர்ஸுக்குச் சாவி கொடுக்க வந்தார். ஸ்டெதஸ்கோப்பைப் பார்த்த எதிர்வீட்டு அம்மாள், இருமிக்கொண்டிருந்த கணவரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். டாக்டர் கொஞ்சமும் தயங்கவில்லை. முன்னும் பின்னும் வைத்துக் கேட்டார். "பம்பு கண்டிஷனா இருக்குதுங்கம்மா. ஃபில்டர்தான் அடைப்பு. சிகரெட்டை நிறுத்தச் சொல்லுங்க." அந்த மனிதர் நிஜமாகவே நிறுத்திவிட்டார். அதையும் டாக்டர் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

தற்பெருமைக்கு அளவே கிடையாது. "எடுத்த உடனே பம்பைக் கழட்டறவன் கசாப்புக்காரனுங்க. பிரஷர் இல்லீன்னா டாங்குல இருந்து ஒவ்வொரு எட்டா வரோணும். நான் பாத்து எந்திரிக்காத வண்டி இந்த ஊர்ல இல்லீங்க."

எனக்கும் ஒரு பைத்தியம் உண்டு. அரக்கு. அலமாரி, பூட்டு, மூட்டை, எதைப் பார்த்தாலும் அரக்கு ஊற்றி முத்திரை குத்தினால்தான் எனக்குத் தூக்கம் வரும். டிரைவர்கள் டீசல் திருடுகிறார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம். சோதனைக்காக ஒரு லாரியின் டாங்க் மூடியைக் கயிற்றால் கட்டி, மூடி முழுவதும் அரக்கு ஊற்றி, பித்தளை முத்திரை குத்தினேன். நான் இல்லாமல் யாரும் உடைக்கக்கூடாது என்று உத்தரவும் போட்டேன். மேலதிகாரி முதுகில் தட்டிக் கொடுத்தார்.

மறுநாளே அந்த லாரி ரிங் ரோட்டில் நின்றது. கொஞ்ச நேரம் கழித்துத் தானாகக் கிளம்பியது. மறுபடி நின்றது. டிரைவர் சர்தார்ஜி கிடங்குக்குள் வந்து, வண்டி மறுபடி நின்றுவிட்டதென்று கத்தினார்: "டாக்டர் சாப், காடி ஃபிர் பந்த் ஹோ கயீ!"

டாக்டர் பம்பில் காதை வைத்தார். "பம்பு நல்லா இருக்குதுங்க. அதுக்கு டீசல் வந்து சேர மாட்டேங்குது. வண்டிக்கு மூச்சு முட்டறாப்ல இருக்குது." ஃபில்டரை மாற்றினார். லாரி நின்றது. சப்பிப்போன ரப்பர் குழாயை மாற்றினார். நின்றது. பிறகு ஒரு கேனில் டீசல் ஊற்றிக் கேபினுக்குப் பின்னால் கட்டி, டாங்கை விட்டுவிட்டுக் கேனிலிருந்தே ஓட்டச் சொன்னார். லாரி குர்காவ்ன் வரை போய்ச் சமர்த்தாகத் திரும்பியது.

"சிக்கிருச்சுங்க சார்! நோவு டாங்குலதான். சீலை உடைங்க."

நான் கம்பீரமாக வந்து முத்திரையை உடைத்தேன். டார்ச் அடித்துப் பார்த்தார், உறிஞ்சு குழாயைக் கழற்றி ஊதினார், அடிவரை துடைத்தார். துளி அழுக்கு இல்லை. மூடாமலேயே ஓட்டிப் பார்த்தார்கள். குதிரை மாதிரி ஓடியது. நான் முன்னைவிடத் தாராளமாக அரக்கு ஊற்றி மூடினேன். மறுநாள் நின்றது.

கிடங்கே சிரிக்க ஆரம்பித்தது. "டாக்டர் சாப், நர்ஸை அனுப்பட்டுமா?" என்றார் சர்தார்ஜி. டாக்டர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துப்போனார். எல்லோர் முன்னாலும் சபதம் செய்தார்: "இதைக் கண்டுபுடிக்கலீன்னா கழுத்துல கெடக்கற இந்தக் குழாயைக் கழட்டி வெச்சிர்றனுங்க."

"பம்பை மாத்து" என்றேன் நான்.

"பம்பு மேல அபாண்டமாப் பழி போடாதீங்க சார்."

புதுப் பம்பு வந்தது. அவர் அதைப் பொருத்தி, இன்ஜினை ஓடவிட்டுக் காது கொடுத்துக்கொண்டிருந்தபோது, டீசல் அளப்பதற்காக நான் மறுபக்கம் போய் முத்திரையை உடைத்தேன். 'உஸ்ஸ்' என்று நீளமாகக் காற்று உள்ளே போயிற்று. நான் இயற்பியல் பட்டதாரி. மூடியைத் திருப்பிப் பார்த்தேன். நடுவில் சின்னத் துளை. டீசல் குறையக் குறையக் காற்று உள்ளே வருவதற்கான வழி அது. அதன் மேல்தான் அரசாங்க முத்திரையை அழகாகக் குத்தியிருந்தேன். ஊசி விழுந்தாலும் கேட்கும் டாக்டருக்கு அந்த 'உஸ்' கேட்கவில்லை. அவர் காதில் ஸ்டெதஸ்கோப் இருந்தது.

நான் வாய் திறக்கவில்லை. துளையைச் சுத்தம் செய்து, அரக்கை ஓரத்தில் மட்டும் வைத்தேன். லாரி அப்புறம் நிற்கவே இல்லை. ஒரு வாரம் கழித்து எல்லோரும் கூடியிருந்தபோது, "பாத்தியா? பம்புதான்" என்றேன். இதை எழுதும்போதும் என் காது மடல் சுடுகிறது.

டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி என் மேஜையில் வைத்தார். "உங்க காதுதான் காதுங்க சார்" என்றார். மறுநாள் வேலைக்கு வரவில்லை. அப்புறமும் வரவில்லை.

ஓய்வு பெற்று மேஜையைக் காலி செய்தபோது இழுப்பறையில் அது கிடந்தது. எடுத்துக்கொண்டு மதராசி கேம்புக்குப் போனேன். வாசலில் குக்கர்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்.

"குக்கர் ரிப்பேருங்களா சார்? பிரஷரை விட மனசு வரலீங்க" என்று சிரித்தார்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கையிலிருந்த குக்கர் மூடியைத் திருப்பிப் பார்த்தார்.

"மூடியில ஓட்டை... அடப் பாவி மனுசா! இத்தனை வருசமா ராத்திரியெல்லாம் கனவுல அந்த லாரியைப் பிரிச்சுட்டுக் கெடக்கறனுங்க!"

"மன்னிச்சிடுங்க டாக்டர்."

"மன்னிப்பை வெச்சு நான் என்னங்க பண்றது? எந்திரிங்க, போலாம்" என்றார், நின்றுகொண்டிருந்த என்னைப் பார்த்து.

லாரி ஸ்டாண்டுக்கு இழுத்துப் போனார். கயிற்றுக் கட்டில்களில் படுத்திருந்த டிரைவர்களை எழுப்பி உட்கார வைத்து, "ம், சொல்லுங்க" என்றார். என் ஓட்டை இந்தியில் என் குற்றத்தை நானே சொன்னேன். தவறும் இடங்களில் அவர் திருத்தினார். ஒரு டிரைவர் சிரித்துக் கட்டிலிலிருந்து விழுந்தான். கடைசியில் டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பக்கத்தில் நின்ற லாரியைத் தட்டி, "எவன் வண்டி இது? ஸ்டார்ட் பண்ணு" என்றார்.

கடன் தீர்ந்தது என்று நினைத்தேன். அடுத்த மாதமே போன் வந்தது. "சார், இங்க ஒருத்தன் என்னைய நம்ப மாட்டேங்கறான். ஜல்தி வந்து அந்தக் கதையைச் சொல்லிட்டுப் போங்க." பஸ் பிடித்துப் போனேன். அதன்பின் மாதம் ஒருமுறையாவது அழைப்பு வந்துவிடும். போகப் போகக் கதையில் நான் பெரிய முட்டாளாகிக்கொண்டே போனேன், மறுக்கவில்லை.

இப்போது சில மாதங்களாகப் போன் வரவில்லை. பஸ் பாஸைப் புதுப்பித்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன், எவனாவது ஒரு டிரைவர் அவரைச் சந்தேகப்பட மாட்டானா என்று.