சக்கரத்தை நக்கிய மூஸ் மான்

கனடாவின் டன்பார் ஃபால்ஸ் ஊரில் அந்த ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் காலி. பாதிரியார் பாவம், வெறும் பெஞ்சுகளுக்குப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். ஊர் மொத்தமும், பனித்தரையில் கனமான கல்லைச் சறுக்கிவிட்டு ஆடும் கர்லிங் அரங்கத்துக்கு வெளியே, வண்டி நிறுத்தும் இடத்தில் முண்டியடித்துக்கொண்டு நின்றது. மைனஸ் பத்து டிகிரி. மீசை உறைகிறது, மூக்கு உறைகிறது, பக்தி மட்டும் கொதிக்கிறது. எதற்காக? கார்ச் சக்கரத்துக்குப் பேயோட்ட!

சிரிக்காதீர்கள். எங்கள் வட ஒன்டாரியோக்காரன் வீட்டுக் கூரை ஒழுகினால் பொறுத்துக்கொள்வான். பிக்கப் வண்டியின் சக்கரத்தில் பளபளக்கும் குரோம் பூச்சு உரிந்தால் மட்டும் பொறுக்கமாட்டான். புத்தியுள்ளவன் முதல் பனி விழுந்ததும் குரோம் சக்கரத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் கறுப்பு இரும்புச் சக்கரம் மாட்டிக்கொள்வான். ஆனால் எங்கள் ஆட்களுக்குப் பனிக்காலத்திலும் பளபளவென்று திரிய வேண்டுமே! பனி உருகட்டும் என்று சாலையெங்கும் உப்பைக் கொட்டுகிறார்கள். அது குரோமுக்கு அடியில் புகுந்து அரிக்கிறது. குரோம் வெங்காயத் தோலாய் உரிகிறது. இதைச் சொல்ல ஞானி எவனும் தேவையில்லை. அதனால்தான் யாருக்கும் இது பிடிக்கவில்லை. ஞானி வேண்டும் என்றார்கள், வந்து சேர்ந்தார்.

பெயர் சகோதரர் ஆர்வில். தலையில் நரித்தோல் தொப்பி, கழுத்தில் கரடிப் பல், வாயில் ஓயாத பேச்சு.

"குரோம் ஏன் உரியுது? பொறாமை! அக்கம்பக்கத்தான் உங்க சக்கரத்தப் பாத்து விடுற பெருமூச்சு! கோடையில அது ஆவியாப் போயிடும். குளிர்ல உறைஞ்சு, உள்ளயே வீங்கி, குரோமைக் கிழிச்சிக்கிட்டு வெளிய வருது!"

கூட்டம் "ஆ!" என்றது. ஒவ்வொருவனும் பக்கத்து வீட்டுக்காரனைத் திரும்பி முறைத்தான்.

மருந்தும் அவரிடமே இருந்தது. நீல நிறப் பொடி. "வடதிசை நட்சத்திரத்தின் கண்ணீர்" என்று பெயர். பைன் மர வாசனை வேறு. காணிக்கை கொடுத்து வாங்கிச் சக்கரத்தில் தேய்க்க வேண்டும். பனி உருகும்வரை கழுவக் கூடாது. டயர் கடைக்காரன் தொடக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, கேள்வி கேட்கக் கூடாது.

முதல் பக்தன் கார்னெட்; சகோதரர் ஊருக்கு வந்த போன வாரமே பொடி வாங்கித் தேய்த்துவிட்டான். கோடாலியால் பிளந்தாலும் கேள்வி வராத நல்ல மனிதன். அவன் வண்டியின் முன் சக்கரத்தில், டயர் உட்காரும் விளிம்பிலேயே குரோம் உரிந்து, அந்தச் சந்து வழியாகக் காற்று கசிந்துகொண்டிருந்தது. அவன் மனைவி வெர்னா ஊர்ப் பெண்கள் கர்லிங் அணியின் தலைவி. வரும் சனிக்கிழமை மாவட்ட இறுதிப் போட்டி. வழியெல்லாம் காடு; ஒரு வீடு கிடையாது, போன் எடுக்காது. அணி போக இருந்ததோ இந்த வண்டியில்தான். கூட்டத்திலேயே அவனை மடக்கினாள் வெர்னா.

"யோவ், காலையில காத்தடிச்சா சாயங்காலம் சப்பையாக் கெடக்கு. டயர் கடைக்குப் போய்யா!"

"சகோதரர் கூடாதுன்னுட்டாரு வெர்னா. கடைக்காரன் கை பட்டா பொறாமை உள்ளயே தங்கிடுமாம்."

"நடுக்காட்டுல சப்பையாச்சுன்னா நாங்க நாலு பேரும் அங்கயே தங்கிடுவோம். அது பரவால்லயா?"

கார்னெட் தலையைச் சொறிந்துகொண்டு சகோதரரிடமே ஓடினான். "முன்னைக்கு இப்ப ரொம்ப உரியுதே சகோதரரே?"

"உரியுதா? சபாஷ்! பொறாமை கழண்டு வருதுன்னு அர்த்தம். இன்னும் ரெண்டு பை தேய்!"

உரியாவிட்டால் மருந்து பலித்தது. உரிந்தால் ரொம்பவே பலித்தது. எப்படி வியாபாரம்!

அந்த நேரம் பார்த்துக் காட்டுக்குள்ளிருந்து ஒரு மூஸ் மான் வந்தது. குதிரையைவிட உயரம், ஒட்டகத்துக்கு அண்ணன் போல முகம். ஜனம் அலறியடித்துக்கொண்டு அரங்கத்து வாசலில் ஒண்டியது. மான் யாரையும் சட்டை செய்யவில்லை. நேரே கார்னெட் வண்டிக்குப் போய், முன்கால்களை மடக்கி, சக்கரத்தைச் சளப் சளப்பென்று நக்க ஆரம்பித்தது.

சகோதரர் கைகளை உயர்த்தினார். "பாருங்க! காட்டு ராஜாவே மண்டிபோட்டுக் கும்பிடுது!"

அவ்வளவுதான். ஆண்கள் கம்பளித் தொப்பியைக் கழற்றினார்கள். கூட்டத்திலிருந்த பெரில் அம்மாள் தேம்பித் தேம்பி அழுதாள்.

"கும்பிடுதா? நாக்காலயா?" என்றாள் வெர்னா.

விறுவிறுவென்று அரங்கத்துச் சமையற்கட்டுக்குள் போய் ஒரு பழைய இரும்பு வாணலியை எடுத்தாள். வாசற்படியில் தூவ எப்போதும் வைத்திருக்கும் வாளியிலிருந்து ஒரு அள்ளு உப்பைப் போட்டாள். வாசலுக்கு வந்து, ஒரு காலை மடக்கிக் குனிந்து, இறுதிப் போட்டிக் கல்லை விடுவது போலவே வாணலியைப் பனித்தரையில் சறுக்கிவிட்டாள். சர்ரென்று போய் மானின் முன்னால் நின்றது. மான் சக்கரத்தை மறந்துவிட்டு வாணலிக்குள் முகத்தைப் புதைத்தது.

"ஏன் சகோதரரே, என் வாணலியப் பாத்து எவ பெருமூச்சு விட்டா?"

"அது... சக்தி பக்கத்துல பரவியிருக்கும்மா."

"பரவட்டும்." அவர் கையிலிருந்த பையை வெடுக்கென்று பிடுங்கி, வாசற்படியில் உறைந்திருந்த பனிக்கட்டியில் பொடியைக் கவிழ்த்தாள். "எல்லாரும் வாயை மூடிக்கிட்டுப் பாருங்க."

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு படக் என்று ஒரு சத்தம். படக், படக். பனிக்கட்டி விரிசல் விட்டு, நீலத் தண்ணீராய் வழிந்தது. அந்தச் சத்தம் தெரியாத ஆள் எங்கள் ஊரில் கிடையாது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை, வாசலில் தூவியது பனியைப் பிளக்கும் அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் கண் விழிக்கிறோம்.

முடிதிருத்தும் டெல்பர்ட் அதை ஒரு விரலால் தொட்டு நக்கினான். "அட நாசமாப் போறவனே! உப்புடா இது! சாயம் போட்ட உப்பு!"

கார்னெட்டின் முகம் கோணியது. "அப்ப... உப்பால உரிஞ்ச சக்கரத்துக்கு நான் உப்பையா தேய்ச்சேன்?"

"ஆமாய்யா. தீப்பட்ட கைக்குத் தீ வச்சிருக்க" என்றாள் வெர்னா.

சகோதரர் அரங்கத்துக்குப் பின்னால் மறைத்திருந்த தம் வேனை நோக்கி ஓட்டமெடுத்தார். ஊரும் துரத்தியது. அங்கே போய்ப் பார்த்தால், வேனுக்கு நான்கும் கறுப்பு இரும்புச் சக்கரம். குரோம் மருந்துக்குக்கூட இல்லை! அதற்குள் வாணலியைக் காலி செய்த மான், மூட்டை மூட்டையாய் உப்பு ஏற்றிய அந்த வேனுக்கு வந்து, ஓட்டுநர் கதவை நிதானமாக நக்கத் தொடங்கியது. கிட்டே போனால் உதைக்கும். வேறு வழியில்லாமல் சகோதரர் அங்கேயே நின்று, வாங்கிய காணிக்கையை எல்லாருக்கும் திருப்பிக் கொடுத்தார்.

சனிக்கிழமை கார்னெட்டின் வண்டியிலும் கறுப்புச் சக்கரம். அழகில்லை, ஆனால் டயரில் காற்று தங்கியது. பெண்கள் போனார்கள், கோப்பையோடு திரும்பினார்கள்.

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்கும் சந்தோஷம்தான். திங்கட்கிழமை காலையில் பெரில் அம்மாள் வெர்னா வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"ஏன்டி வெர்னா, அந்த வாணலியக் கொஞ்சம் குடேன். ராசியான வாணலி. என் காரைச் சுத்தி எடுத்துட்டுத் தந்துடறேன்."

மூஸ் மானுக்கு ஐந்தறிவுதான். அதுகூட நாக்கை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நம்பியது. உங்கள் ஆறாவது அறிவை என்ன, உப்பில் ஊறப்போட்டா வைத்திருக்கிறீர்கள்?