இரண்டு உண்டியலும் ஒரு டிரம்மும்

மலையடிக் கல்லூரியும் கண்மாய்க்கரைக் கல்லூரியும் சேர்ந்து ஒரு நற்காரியம் செய்வதென்று ஏகமனதாகத் தீர்மானித்தன. குன்றாண்டார்கோவில் வட்டாரத்தில் இதை யாரும் நம்பவில்லை. இரண்டு கல்லூரிகளும் கடைசியாகச் சேர்ந்து செய்த காரியம், பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு கபடி இறுதிப் போட்டியில் முப்பது பிளாஸ்டிக் நாற்காலிகளை உடைத்ததுதான்.

யோசனை மலையடிக் கல்லூரியின் விளையாட்டு ஆசிரியர் குணசேகரனுடையது. இரண்டு வருஷத்துக்கு முன் அவர் மனைவி செவந்திக்கு மார்பகப் புற்றுநோய் வந்து, நல்ல வேளையாகக் குணமானது. வைத்தியம் பார்த்த டாக்டர் இளமதி இப்போது அந்த நோயைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறார். இந்தப் பக்கத்துப் பெண்களிடம் எடுத்த ரத்த மாதிரிகளை வைக்க அவருக்கு ஒரு பெரிய ஃப்ரீசர் வேண்டும். கிடைக்காவிட்டால் கோடையோடு ஆராய்ச்சி நின்றுபோகும். "நான் வாங்கித் தாரேன் டாக்டர்" என்று குணசேகரன் வாக்குக் கொடுத்துவிட்டார். வாக்குக் கொடுக்கும் நேரத்தில் மனிதனுக்கு அரசு அலுவலகங்கள் ஞாபகத்துக்கு வருவதில்லை.

கண்மாய்க்கரைக் கல்லூரியின் விளையாட்டு ஆசிரியர் சவரியப்பன், ஆவூர்க்காரர். நாற்காலி உடைந்த நாளிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. செவந்திக்காகக் குணசேகரன் தானே போய், ஒரு கபடிப் போட்டி வைத்து நிதி திரட்டலாம் என்று பேசினார்.

"மேடத்துக்காகச் செய்வோம் சார். ஆனா மேட்ச்சுல விட்டுக்கொடுக்க மாட்டோம்" என்றார் சவரியப்பன்.

"ஒங்கள யாரு விட்டுக்கொடுக்கச் சொன்னது?" என்றார் குணசேகரன். நட்பு புதுப்பிக்கப்பட்டது.

விண்ணப்பம் நல்லிணக்க விளையாட்டு நிகழ்ச்சிகள் அனுமதிப் பிரிவுக்குப் போனது. அப்படி ஒரு பிரிவு இருப்பது விண்ணப்பித்தவர்களுக்கு மட்டுமே தெரியும். அதன் கண்காணிப்பாளர் அழகுமலை விண்ணப்பத்தை இரண்டு முறை படித்தார்.

"நோக்கம்கிற எடத்துல ஒற்றுமைனு எழுதியிருக்கீங்க. நிகழ்ச்சிங்கிற எடத்துல போட்டினு எழுதியிருக்கீங்க. ரெண்டும் ஒரே பேப்பர்ல வரக்கூடாது சார்."

"போட்டின்னாத்தான சார் கூட்டம் வரும். கூட்டம் வந்தாத்தான நிதி சேரும்."

அழகுமலை பழைய ஃபைலைத் தட்டி எடுத்தார். "நாற்காலி முப்பது. சண்டை எதுல ஆரம்பிச்சது?"

"ஒரு பையன் இன்னொரு பையனைத் தொட்டானா, தொடலையாங்கிறதுல."

"அப்பப் பிரச்சினை தொடுறதுலதான் இருக்கு."

"சார், கபடின்னாலே தொடுறதுதான."

"அதனாலதான் சொல்றேன். தொடாம ஆடுங்க."

அழகுமலை கெட்டவர் இல்லை. நாட்டில் நடக்கும் சண்டைகளுக்கெல்லாம் காரணம் நிபந்தனைகள் போதாமைதான் என்று மனப்பூர்வமாக நம்பியவர், அவ்வளவுதான். மூன்றாவது வாரம் ஆணை வந்தது. மேற்படி நிகழ்ச்சியில் எதிரணியினரை எவ்வகையிலும் தொடலாகாது. வெற்றி தோல்வி அறிவிக்கலாகாது. விழிப்புணர்வைக் கருத்திற்கொண்டு இரு அணியினரும் ஒரே ரோஸ் நிறச் சட்டை அணிதல் வேண்டும்.

இப்போதெல்லாம் புற்றுநோய் என்றால் ரோஸ் என்று ஆகிவிட்டது. ரோஸ் பலூன், ரோஸ் கேக், ரோஸ் சட்டத்துக்குள் முகத்தை நீட்டி செல்ஃபி. நோய் வந்தபோது செவந்திக்கு ரோஸாக எதையும் பார்த்த ஞாபகம் இல்லை.

போட்டி அன்று மலையடிக் கல்லூரி மைதானம் கொள்ளவில்லை. எதிரியின் மண்டை உடைவதைப் பார்க்க இரண்டு பக்கமும் வேன் பிடித்து வந்திருந்தார்கள். மலையடிக் கல்லூரியின் சந்தோஷ் 'கபடி கபடி' என்று பாடிக்கொண்டே போனான். ஒரு முழம் தள்ளி நின்றான். எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தான். பிறகு கண்மாய்க்கரைப் பையன் வந்து கும்பிட்டுவிட்டுப் போனான். எல்லாரும் ரோஸ் சட்டை என்பதால் யார் யாரைக் கும்பிடுகிறார்கள் என்பதும் புரியவில்லை. அரை மணி நேரத்தில் சைபருக்குச் சைபர்.

கூட்டம் எழ ஆரம்பித்தது. வாசலில் இருந்த உண்டியலைப் பார்க்காத மாதிரி எல்லாரும் போனைக் காதில் வைத்துக்கொண்டு நடந்தார்கள். வழி சொன்னவள் செவந்திதான்.

"ஏங்க, உண்டியல ரெண்டாக்குங்க. ஒண்ணுல ஒங்க காலேஜ் பேர், இன்னொண்ணுல அவுக காலேஜ் பேர். எது கனமோ அவுகதான் ஜெயிச்சவுக."

"வெற்றி தோல்வி அறிவிக்கக் கூடாதுன்னு ஆர்டர் இருக்கே."

"நீங்க அறிவிக்காதீங்க. சனங்களுக்குத் தூக்கிப் பாக்கத் தெரியும்."

பெயர் எழுதி ஒட்டிய ஐந்தாவது நிமிஷம், வேனில் ஏறி உட்கார்ந்தவர்கள் இறங்கி ஓடிவந்தார்கள். மலையடிக் கல்லூரியின் பழைய மாணவர் நாகராசு, ஜெகதாப்பட்டினத்தில் விசைப்படகு வைத்திருப்பவர், அன்றைய மீன் காசை அப்படியே ரப்பர் பேண்டோடு போட்டார். அதைக் கண்ட கண்மாய்க்கரை அழகம்மாள் டீச்சர் ஒரு வளையலைக் கழற்றி எதிர் உண்டியலில் போட்டார். துபாயிலிருந்து ஒருவர் வீடியோ காலில் "அவனுக எவ்வளவு? அதுக்கு மேல பத்தாயிரம் போடுறா" என்று மச்சானுக்கு உத்தரவிட்டார். புற்றுநோய் என்ற வார்த்தையை யாரும் உச்சரிக்கவில்லை. பின்வரிசையில் இருந்த டாக்டர் இளமதி குணசேகரனிடம் வந்து, "சார், ஃப்ரீசரைத் தாண்டிரும் போலருக்கு" என்றார். குணசேகரனுக்குக் கண் கலங்கிவிட்டது.

நாலரை மணிக்குச் சிறப்பு விருந்தினர் அழகுமலை வந்தார். பொன்னாடை போர்த்தப்பட்டது. பொன்னாடைக்குள்ளிருந்தே உண்டியல்களைப் பார்த்துவிட்டார்.

"என்ன இது, ரெண்டு இருக்கு? போட்டி மாதிரி தெரியுதே?"

"நிதி சார். நல்லா சேருது."

"எப்படிச் சேருதுங்கிறதுதான் முக்கியம். ஒற்றுமைன்னா ஒண்ணுதான் இருக்கணும்."

தண்ணீர் வைத்திருந்த நீல டிரம் கவிழ்த்துத் துடைக்கப்பட்டது. ஒருமைப்பாட்டின் அடையாளமாக இரண்டு உண்டியல்களும் அதில் கொட்டப்பட்டன. போட்டோ எடுக்கப்பட்டது. யாரும் கைதட்டவில்லை. நாகராசு மேடைக்கு வந்தார்.

"சார், என் காசு அவுக காசோட கலந்து கெடக்கு."

"எல்லாம் ஒரே நல்ல காரியத்துக்குத்தானங்க" என்றார் அழகுமலை.

"காரியம் நல்ல காரியந்தான். அவுகளோட சேந்து செய்யவா நான் போட்டேன்? திருப்பிக் குடுங்க."

திரும்பிப் பார்த்தால் நாகராசுக்குப் பின்னால் வரிசை. இரண்டு கல்லூரிக்காரர்களும் தள்ளுமுள்ளு இல்லாமல் தோளோடு தோள் நின்றார்கள். வட்டாரம் அதுவரை காணாத ஒற்றுமை அது. வரிசையைக் கண்டால் படிவம் கொடுக்காமல் இருக்க அழகுமலையால் முடியாது. 'தொகை இடப்பட்டதன் நோக்கம்' என்று அதில் ஒரு கட்டம் இருந்தது. எல்லாரும் 'வெற்றி' என்று நிரப்பினார்கள். வளையல் போனது, ரப்பர் பேண்டும் போனது. உண்டியலில் பெயர் ஒட்டுவதற்கு முன்னால் செவந்தியும் இன்னும் நாலைந்து பேரும் போட்டது மட்டும் டிரம்மின் அடியில் கிடந்தது. டாக்டர் எட்டிப் பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

"பாத்தியா செவந்தி, என்ன சனங்க" என்றார் குணசேகரன்.

"நீங்க எவ்வளவு போட்டீங்க?"

குணசேகரன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். கவர் அப்படியே இருந்தது. "சவரியப்பன் எவ்வளவு போடுறாருன்னு பாத்துட்டுப் போடலாம்னு இருந்தேன்."

பக்கத்தில் நின்ற சவரியப்பனின் கையும் தானாகச் சட்டைப் பைக்குப் போனது.

இருவரும் டிரம்மருகே போனார்கள். "நீங்க மொதல்ல போடுங்க சார்." "இல்லல்ல, நீங்க சீனியர்." "எங்க காலேஜுக்கு வந்த விருந்தாளி நீங்க, நீங்க போடுங்க." கவர்கள் பாதி வெளியே வந்தன, எதிர்க் கவரின் தடிமனைப் பார்த்து உள்ளே போயின. மணி ஆறடித்தது. ஆணைப்படி வசூல் நேரம் முடிந்ததால் அழகுமலையின் ஊழியர் டிரம்மை மூடி அரக்கு முத்திரை வைத்துவிட்டார். இரு ஆசிரியர்களும் கடைசி வரை ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்தனர் என்று அறிக்கையில் பாராட்டி எழுதப்பட்டது.

வண்டி கீரனூரைத் தாண்டியது. பின்னால் உட்கார்ந்திருந்த செவந்தி சொன்னாள்.

"எனக்கு மறுபடி வந்துச்சுன்னா, எந்தக் காலேஜு உண்டியல்ல வைத்தியம் பாக்கணும்னு இப்பவே கேட்டு வெச்சுக்கங்க."