நிக்கோட்டின் பிறீசர் புகு படலம்

வாழ்க சுவிஸ் நாட்டு லாங்கன்தால் ஊர் மூன்றாம் மாடிக் கோமான்! பேர்ண் நகர ஆஸ்பத்திரிச் சமையற்கட்டில் இருபத்திரண்டு ஆண்டு சூப்புக் கடல் கடைந்த அகப்பைக் கையன், வெண்தொப்பி வேய்ந்த வழுக்கைச் சென்னியன் கனகரத்தினம் வாழ்க! எண்டிசைக் காவலரே, இருக்கிற வேலையை விட்டிட்டு வந்து கேளுங்கோ. இது பிறீசர் திறந்த கதை, கனநேரம் திறந்து வைக்கேலாது.

சிகரெட்டை வென்று வேப் என்னும் மின்சிகரெட்டிடம் தோற்ற இவ்வீரர், வேப்பையும் விட்டேன் என்று வருடப்பிறப்பன்று கோயிலில் மனையாள் சுகந்தியின் தலையிற் கைவைத்துச் சத்தியம் பண்ணியிருந்தார். "இனி ஒருக்கா அந்தச் சாமானைக் கண்டனெண்டால் டீட்டிகோனுக்குத் தங்கச்சி வீட்டை போயிடுவன், நீங்கள் உங்கட ஆஸ்பத்திரிச் சூப்பைக் குடிச்சுக்கொண்டு இருங்கோ!" என்று மூலஸ்தானம் அதிர அவளும் முழங்கியிருந்தாள். சத்தியம் ஆறு கிழமை தாக்குப்பிடித்தது. பிறகு விலை ஏறப்போகுது என்றொரு கதை வந்தது. மனுசன் இரண்டு வருடத்துக்குக் காணுமான, வேப்பில் ஊற்றும் நிக்கோட்டின் திரவத்தை ஒரே போத்தலாய் வாங்கிவிட்டார். வெளியே வைத்தால் கறுத்துப் பழுதாகும், உறைகுளிரில் வைத்தால் நெடுநாள் கெடாது என்பது இன்டர்நெற் முனிவர்களின் அருள்வாக்கு.

சனி முற்பகல். பன்னிரு குடிகளுக்கும் பொதுவான நிலவறைச் சலவைக்கூடத்தில் அன்று சுகந்தியின் முறை. உடுப்புக்கூடை ஏந்தி அவள் இறங்கினாள். ஏறிவர நாற்பது நிமிடம். அதற்குள் போத்தல் ஒளிய வேண்டும், இல்லையேல் இல்லறமே கவிழும்.

திறந்தார் பிறீசர்க் கோட்டையை! முதல் இழுப்பறையில் தேங்காய்ப்பூச் சேனை. இரண்டாவதில் முருங்கைக்காய் வேற்படை. மூன்றாவதில் வாய்பிளந்த விளைமீன் காலாட்கள். நான்காவதோ பனிக்கவசம் பூண்டு, இழுக்க வராது, உதைக்க அசையாது, கத்தியால் நெம்ப எள்ளி நகைத்துக் கிடந்தது. "குளிரறை கோடி கண்ட என்னையோ மறிக்கிறாய், பனிப்பதரே!" என்று கர்ச்சித்தார். பக்கத்து வீட்டுச் சுவிஸ்காரி சுவரில் தட்டினாள். மிச்ச வீரத்தைச் சத்தமில்லாமல் காட்டினார். கறகறவென்று வந்தது இழுப்பறை, கூடவே அதன் கைப்பிடியும்.

உள்ளே பதினொரு ஐஸ்கிரீம் பெட்டிகள். எங்கட வீடுகளில் ஐஸ்கிரீம் பெட்டிக்குள் ஐஸ்கிரீம் இருந்த சரித்திரம் உண்டோ? மீனென்று நினைத்துச் சாம்பாரை இளகவிட்டவள்தானே சுகந்தி! பன்னிரண்டாவதாய் ஒரு வெறும் பெட்டிக்குள் போத்தலைக் கிடத்தி மூடினார். ஆகா, என்ன மூளை, என்ன தந்திரம்!

ஆனால் ஐயோ, அந்தக் கை! ஆஸ்பத்திரிச் சமையற்கட்டில் குளிருக்குள் போகும் எதுவும் பெயர், திகதி, கையொப்பம் இல்லாமல் போகாது. இருபத்திரண்டு வருடப் பழக்கம். மூளை வெற்றிக்களிப்பில் மயங்கிக் கிடக்க, கை தன்பாட்டில் சட்டைப்பையில் இருந்து லேபலை எடுத்து, எழுதி, நேராக ஒட்டி, ஒரு தடவு தடவியும் விட்டது. பிறகு வாகை சூடிய வேந்தராய்ப் போய் சோபாவில் சாய்ந்தார்.

சுகந்தி வந்தாள். மத்தியானக் கறிக்கு வெட்டிவைத்த மீன்பெட்டி தேடிக் கைப்பிடியிழந்த நான்காம் இழுப்பறையை இழுத்தாள். பன்னிரு பெட்டியில் ஒன்றே ஒன்று தன்னை யாரென்று சொல்லிக்கொண்டு நின்றது. எடுத்து, உரக்க வாசித்தாள்: "நிக்கோட்டின், ஒரு போத்தல். வைத்தவர் க. கனகரத்தினம். திறந்தால் மூன்று நாளுக்குள் பாவிக்கவும்."

பெட்டியோடு சோபாவுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"கையெழுத்தும் வைச்சிருக்கிறியளோ?"

"ஓம்," என்றார் மாவீரர்.

டீட்டிகோன் ரெயினுக்கு ரிக்கெற் எடுக்க அவள் போனைத் தூக்கினாள். சிங்கம் சோபாவிலிருந்து குதித்தது. "இரும், இரும்! இப்பவே கொண்டுபோய்க் கடையில குடுத்திட்டு வாறன்!"

பின்னேரம் கடை பூட்ட முதல் கனகரத்தினம் போத்தலைத் திருப்பிக் குடுத்துவிட்டு வந்து சுகந்தியோடு உடுப்பு மடித்தார்.