கழுவாத நைனாவின் திராட்சை

வாங்க வந்தவர்களைத் துரத்தியே வியாபாரம் செய்கிற மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். கனகம்மாசத்திரம் ரோட்டோரம் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் கழுவாத நைனா. தினமும் இரண்டு வேளை தலைக்குக் குளிக்கிறவருக்கு இந்தப் பெயர் வரக் காரணம், அவர் பழத்தை அவர் கண்ணெதிரே யாரும் கழுவக் கூடாது என்பதுதான்.

பன்னீர் திராட்சையை அலுங்காமல் பறித்தால், மாவு தடவினாற்போல மேலே ஒரு வெள்ளைப் படலம் இருக்கும். பழம் தானே பூசிக்கொள்ளும் மெழுகு அது. நைனா பூச்சிமருந்தைத் தோட்டத்து வாசலில்கூட விடமாட்டார். வேப்ப எண்ணெய், கோமியம், அவ்வளவுதான். பந்தலுக்குக் கீழே வாத்துகள் அதிகாரி மாதிரி நடந்து பூச்சியைப் பொறுக்கும். ஆனால் ஜனங்கள் அந்த வெள்ளையைப் பார்த்ததும் மருந்து என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். மருந்தே அடிக்காத தோட்டத்துக்கு மருந்துத் தோட்டம் என்று பெயர்! மனுஷனுக்குக் கோபம் வராதா?

திருப்பதி போகிற வழியில் காரை நிறுத்திய ஒரு அம்மாள், வாங்கிய கொத்தின் மேல் பாட்டில் தண்ணீரை ஊற்றப் போனார். நைனா பாய்ந்து பழத்தைப் பிடுங்கினார்.

"இன்னாம்மா பண்றே?"

"மருந்து அப்படியே நிக்குதே, கழுவ வேணாமா?"

"கழுவித்தான் துன்னுவேன்னா கத்திரிக்கா வாங்கு. கெளம்பு!"

நானும் துரத்தப்பட்டவன்தான். கொத்தை மூக்கருகே கொண்டுபோனதுதான் நான் செய்த குற்றம். "மோந்து பாக்க இது இன்னா மீனா?" என்றார். அடுத்த வாரமே வெட்கமில்லாமல் மறுபடி போய் நின்றேன். அந்த ருசி அப்படி.

போன வருஷம் விஷயம் முற்றியது. "இந்த ஆடிக் கிருத்திகைக்கும் பழம் விக்காம நின்னுபோச்சுன்னா பந்தலைப் பிரிச்சி மனை போட்டுடுவேன் நைனா" என்று மகன் தாமு சொல்லிவிட்டான். சென்னையிலிருந்து ஒரு மொத்த வியாபாரியையும் அழைத்து வந்தான். வியாபாரி நல்ல மாதிரி. "ஈரத்துணியால தொடச்சு பளபளன்னு குடுங்க, எல்லாத்தையும் எடுத்துக்கறேன்" என்றார்.

"பழத்தோட சட்டையைக் கழட்டி விக்க நான் ஆள் இல்ல" என்றார் நைனா. வியாபாரி போய்விட்டார். தாமு தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

கிருத்திகையன்று ஊர் முழுக்கக் காவடி. கோயில் மலையடிவாரத்தில் வண்டி நிறையப் பழத்தோடு நைனா நின்றார்; எடை போடத் தாமு. "மருந்துன்னு சொல்றவன் முன்னாடி வா! நானே துன்னு காட்டறேன்!" சந்தேகப்பட்ட ஒவ்வொருவர் எதிரிலும் ஒரு கொத்தை அப்படியே தின்றார். சந்தேகப்பிராணிகளுக்கா பஞ்சம்? மத்தியானம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டார்.

"பாத்தியா, அவரு அடிச்ச மருந்து அவரையே சாய்ச்சிடுச்சு!" என்று கூட்டம் கத்தியது. வண்டியைத் தாமுவிடம் விட்டுவிட்டு, நானும் இன்னொருவரும் அவரை ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துச் சிரிப்பை அடக்கினார். "விஷமும் இல்ல, ஒண்ணும் இல்ல. இவ்ளோ திராட்சை யாருங்க பெரியவரே துன்னச் சொன்னது?"

"இதை இங்க சொல்லிகினு இருக்கியே டாக்டரே, வெளியில போய் மைக்குல சொல்லு" என்றார் நைனா, படுத்தபடியே.

தாமுவிடம் சொல்ல வண்டிக்கு ஓடினேன். அவன் வண்டி மேல் ஏறி நின்றுகொண்டிருந்தான். மனை போடுவேன் என்ற அதே தாமு. கண் இரண்டும் சிவந்திருந்தது.

"எவன்டா விஷம்னு சொன்னது? பூச்சிக்கே மருந்து வெக்காத ஆளுடா எங்க நைனா. மனுசனுக்கு வெப்பாரா? எங்க பந்தல் அப்படியேதான் நிக்கும். வாங்கறவன் வாங்கு, வாங்காதவன் வழிய வுடு!"

காவடி தூக்கி வந்த ஒருவர் முதலில் கை நீட்டினார். பிறகு எனக்கு வண்டியே கண்ணுக்குத் தெரியவில்லை, சுற்றிலும் தலைகள்தான்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். ஊரில் எவன் பேச்சையும் காதில் வாங்காத அந்த மனுஷன், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, "பந்தலைப் பத்தி இன்னா சொன்னான்? இன்னொரு தபா சொல்லு" என்றார். சொன்னேன். மறுபடியும் கேட்டார். மறுபடியும் சொன்னேன். விடிய விடியக் கேட்டிருந்தாலும் சொல்லிக்கொண்டே இருந்திருப்பேன்.