இழுக்கப்போகிறவர்

உலகத்தில் பாரம் இழுக்கிறவர்கள் உண்டு, இழுக்காதவர்கள் உண்டு. இந்த இரண்டு கூட்டத்திலும் சேராத மூன்றாவது இனம் ஒன்றும் உண்டு. அந்த இனத்தைத்தான் இன்று உங்கள் முன் கொண்டுவந்து நிறுத்தப்போகிறேன். இவர் இழுக்கப்போகிறவர்.

எங்கள் டெக்சஸில் இவரைத் தேடி அலைய வேண்டியதில்லை. பின்னால் திறந்த தட்டு வைத்த பெரிய பிக்கப் வண்டி வாங்கப்போவதாக நீங்கள் வாயைத் திறந்தால் போதும். தீவனக் கடையானாலும், பல் வைத்தியரின் வாசலானாலும், சவ அடக்கத்துக்கு வந்த இடமானாலும், கால்சட்டையின் பின்பைகளில் இரண்டு கைகளையும் நுழைத்துக்கொண்டு, குதிகாலில் லேசாக ஆடிக்கொண்டு, உங்கள் முகத்தை விட்டுவிட்டுத் தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டு, "அது சரி, எத்தனை பவுண்டு இழுக்கப்போறீங்க?" என்று ஒருவர் கேட்பார். அவரேதான். புல்வெட்டும் இயந்திரம் ஒன்று என்று நீங்கள் பதில் சொன்னால் நோயாளியைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். அவர் எதை இழுக்கிறார் என்று மட்டும் திருப்பிக் கேட்டுவிடாதீர்கள். இப்போதைக்கு எதையும் இல்லை. இழுக்கப்போகிறார்.

எதற்கு வண்டி என்று கேட்டால் "இழுக்கவும் வேணும், தினப்படி ஓட்டவும் வேணும்" என்பார். தினப்படி ஓட்டம் என்பது வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளியிருக்கும் இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போய் வருவது. அந்த வழியில் அவர் சுமக்கும் அதிகபட்சப் பாரம் மதியச் சாப்பாட்டு டப்பா. அதில் பெரும்பாலும் பன்றித்தொடைக்கறி வைத்த ரொட்டி. அதற்கு எட்டு சிலிண்டர் எஞ்சின் வேண்டுமா, ஆறு போதுமா? இந்தக் கேள்வியில் அவருடைய வாலிபம் போய்விட்டது.

இங்கே பிக்கப் செய்யும் கம்பெனிகள் முக்கியமாக மூன்று. பெயரைச் சொன்னால் ஊரில் மூன்றில் இரண்டு பங்கு பேர் எனக்குப் பகையாகிவிடுவார்கள், ஆகவே சொல்லமாட்டேன். எங்கள் ஊரில் மதம் மாறிக் கல்யாணம் செய்துகொண்ட பெண்ணை அப்பன் மன்னித்துவிடுவான், கம்பெனி மாறிய மகனை மன்னிக்கமாட்டான். இழுக்கப்போகிறவருக்கும் பரம்பரைக் கம்பெனி ஒன்று உண்டு. அதை வாங்கத்தான் போகிறார். ஆனால் எந்த வருஷத்து மாடல்? அங்கேதான் தத்துவம் பிறக்கிறது. "மாடல் வந்த மொத வருஷம் வாங்கவே கூடாது, கோளாறெல்லாம் அப்பத்தான் வெளிய வரும். கடைசி வருஷமும் கூடாது, அடுத்தது வந்து நம்மளப் பழசாக்கிடும். நடுவுல வாங்கணும். ஆனா நடுவுல எவன்யா விலையக் குறைக்கிறான்?" ஆக, வாங்குவதற்கு ஏற்ற வருஷம் என்று ஒன்றைக் கடவுள் இன்னும் படைக்கவில்லை.

நம்பகமான வண்டிதான் வேண்டும் என்பதில் மட்டும் உறுதியாக இருப்பார். வண்டி அவரை நம்பலாமா என்று யாரும் கேட்டதில்லை.

இன்னொரு விஷயம். வண்டியைப் புகழ இந்த இனத்தாரிடம் பல வார்த்தைகள் உண்டு என்றாலும், எல்லாவற்றுக்கும் சிகரமான புகழ்ச்சி ஒன்றே ஒன்றுதான். எவனோ ஒருவன் எட்டு மாடுகளை ஏற்றிய டிரெய்லரை மலைமேல் இழுத்துப் போனதைச் சொல்லி, தொப்பியைத் தூக்கி, தலையைச் சொறிந்து, தொண்டையைச் செருமிவிட்டு, ரகசியம்போல் சொல்வார்: "பின்னால ஒண்ணு இருக்கிறதே தெரியாதாம்." கேட்டவர்கள் எல்லோரும் ஆமென் சொல்வதுபோல் தலையை ஆட்டுவார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊரான கெட்டில் க்ராஸிங்கில் இந்த இனத்தின் கலப்படமில்லாத மாதிரி, வெர்லின் ஸ்டக்கி. கல்லூரியில் நான் நாலு வருஷம் படித்துப் பட்டம் வாங்கினேன். எங்கள் வீட்டில் அதற்கு முன் யாரும் வாங்கியதில்லை. வெர்லின் அதே நாலு வருஷம் வண்டிகளைப் பற்றி என்னைவிட அதிகமாகப் படித்தார், ஒரு வண்டிகூட வாங்கவில்லை.

அவர் மனைவி நோரீன் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை செய்பவள். மேலிடத்திலிருந்து வரும் பட்டியல்படி, உப்பில்லாத பீன்ஸையும் மிளகில்லாத உருளைக்கிழங்கையும் வருஷக்கணக்காகப் பிள்ளைகளுக்குப் பரிமாறி வந்தவள். அவளுக்கு ஒரே ஆசை. தன் கை உப்புப் போட்டு, கருவேல விறகின் புகையில் ராத்திரி முழுக்க வேகவைத்த மாட்டு நெஞ்சுக்கறியை, எங்கள் கவுண்டியில், அதாவது மாவட்டத்தில், வருஷத்துக்கு ஒருமுறை கூடும் சந்தையில் விற்கவேண்டும். அதற்காகத் தேவாலயத்துப் பழைய சாமான் விற்பனையில் சக்கரம் வைத்த பெரிய புகையடுப்பு ஒன்றை வாங்கி வந்தாள். இழுத்துக்கொண்டு போகத்தான் சக்கரம். யார் இழுப்பது?

"என் வீட்டு டிரெய்லர நான்தான் இழுப்பேன்" என்றார் வெர்லின். "சரியான வண்டி ஒண்ணு அமையட்டும், நோரி."

அடுப்பு பெக்கான் மரத்தடியில் நின்றது. முதல் சந்தை போயிற்று. மறு சந்தை போயிற்று. டயரில் வெடிப்பு விழுந்தது. உள்ளே ஒரு பூனை குட்டி போட்டது. குட்டிகள் பெரிதாகி, அவையும் குட்டி போட்டன. வெர்லின் ஒவ்வொரு வண்டியின் பின் அச்சிலும் உள்ள பல்சக்கர விகிதத்தை ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்.

இந்த வருஷம் நோரீனுக்குச் சந்தையில் இடம் கிடைத்துவிட்டது. காத்திருந்து காத்திருந்து கிடைத்த இடம். வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் அடுப்பு அங்கே வந்து நிற்கவேண்டும். வராவிட்டால் வரிசையில் அடுத்து நிற்பவனுக்கு, அதாவது குச்சியில் சொருகிய தொத்திறைச்சி விற்பவனுக்கு, இடம் போய்விடும். இனிமேல் தன்னை வரிசையிலேயே சேர்க்கமாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

"இந்தா பாரு வெர்லின், அடுத்த வெள்ளிக்குள்ள நீ வண்டி வாங்கலன்னா ஹாய்ட்ட சொல்லி அவன் வண்டியில மாட்டிக்கிட்டுப் போயிடுவேன்."

"ஹாய்ட்டா? அவன் வச்சிருக்கிறது அந்தக் கம்பெனி வண்டிம்மா!"

"அதுக்கும் சக்கரம் சுத்தத்தான செய்யுது?"

தீவனக் கடை ஹாய்ட்டின் மாற்றுக் கம்பெனி வண்டி தன் வாசலில் வந்து நின்று, தன் மனைவியின் அடுப்பை, ஊர் பார்க்க இழுத்துப்போவதா? நாலு வருஷ ஆராய்ச்சியில் முடியாதது இரண்டே நாளில் முடிந்தது. வெர்லின் வண்டி வாங்கிவிட்டார்.

வண்டியா அது! வீட்டோடு சேர்ந்த கொட்டகைக்குள் மூக்கை மட்டும்தான் நுழைக்க முடிந்தது, மீதி மழைக்கும் வெயிலுக்கும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. பன்னிரண்டாயிரம் பவுண்டு இழுக்கும். ஆறு கேமரா. ஏறுவதற்குப் படி, படியில் விளக்கு. மளிகைக் கடையில் இரண்டு வண்டி இடத்தைக் குறுக்கே அடைத்துக்கொண்டு நின்று ஒரு முட்டைப் பெட்டியை ஏற்றிக்கொண்டு வரும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஆண்களெல்லாம் அதைச் சுற்றி வளைத்து நின்று, பின்பைகளில் கைவிட்டபடி, முறைப்படி ஆளுக்கு ஒரு உதை டயரில் விட்டார்கள். எதற்கு உதைக்கிறோம் என்று எங்களில் எவனுக்கும் தெரியாது. உதைக்காமல் வந்தால் மரியாதையில்லை.

"கேலனுக்கு எத்தனை மைல் குடுக்குது?" என்றார் ஹாய்ட்.

"இழுக்கும்போதா, சும்மா போகும்போதா?"

"நீ சும்மா போகும்போதுதான்யா கேக்குறேன். வேற என்னைக்கு நீ போயிருக்க?"

வெர்லின் தொடுவானத்தைப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை வந்தது. நோரீன் கறிக்கெல்லாம் உப்பும் மிளகும் தேய்த்து ஐஸ் பெட்டிகளில் அடுக்கித் தன் சின்னக் காரில் ஏற்றிவிட்டாள். வெர்லின் வண்டியைப் பின்னால் எடுத்தார். ஆறு கேமராவும் பார்த்துக்கொண்டிருக்க, அடுப்பு டிரெய்லரின் முன்நாக்கை, அதாவது முன்னால் நீண்டிருக்கும் இணைப்புக் கம்பியை, வண்டியின் பின்னால் இருந்த இரும்புக் குண்டின்மேல் இறக்கினார். டக்கென்று உட்கார்ந்தது. பூட்டும் விழுந்தது.

இப்போது அந்தக் குண்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். வண்டி விற்றவர் இலவசமாகக் கொடுத்தது அது. இந்தக் குண்டில் இரண்டு அளவு பரவலாகப் புழங்குகிறது. இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு சுண்டுவிரல் நகத்தளவுதான். பெரிய குண்டுக்குச் செய்த நாக்கு சின்னக் குண்டின்மேலும் உட்காரும், பூட்டுக்கூட விழும், முதல் குலுக்கல் வரைக்கும் கூடவே வரும். அளவு குண்டின் உச்சந்தலையிலேயே பொறித்திருக்கும், நாக்கின்மேலும் பொறித்திருக்கும். வண்டியைப் பற்றி அச்சில் வந்த அத்தனையையும் படித்த வெர்லின், இந்த இரண்டு எண்களை மட்டும் படிக்கவில்லை.

"காப்புச் சங்கிலி மாட்டினியா?" என்று கேட்டாள் நோரீன். நாக்கு கழன்றாலும் டிரெய்லரை விடாமல் பிடித்துக்கொள்ளும் சங்கிலி அது.

"இந்த வண்டிக்குச் சங்கிலியா? நோரி, இது பன்னெண்டாயிரம் பவுண்டு!"

கிளம்பினார். வீட்டுப் பாதை நெடுஞ்சாலையில் ஏறும் இடத்தில் ஒரு பள்ளம். வண்டி அதில் இறங்கி ஏறியது. வண்டி மட்டும் ஏறியது. வண்டிக்குள் திரையில் ஏதோ சிவப்பாக மின்னிக் கத்தியது. அந்த வண்டி சீட்டில் ரொட்டிப் பை வைத்தாலும் கத்துகிற வண்டி, வெர்லின் ஒரு பொத்தானை அழுத்தி அதன் வாயை அடைத்தார். பாட்டுச் சத்தத்தைக் கூட்டினார். கண்ணாடியில் பின்னால் பார்க்கவேண்டாமா என்கிறீர்கள். பார்க்கவேண்டிய ஆட்கள் முன்னால் அல்லவா இருந்தோம்! தீவனக் கடை வாசலில் ஹாய்ட், நான், இன்னும் ஏழெட்டுப் பேர் காப்பிக் குவளைகளோடு அவருக்காகவே காத்து நின்றோம். கடந்து போகையில் எங்கள் வழக்கப்படி ஸ்டியரிங்கிலிருந்து ஒரே ஒரு விரலை உயர்த்தினார், ராஜா போல. நாங்களும் ஒரு விரலை உயர்த்தினோம். பின்னால் ஒன்றுமில்லை. ஒருவராவது கூப்பிட்டுச் சொன்னோமா? இல்லை. சொல்ல எங்களுக்குத் தோன்றவேயில்லை. அவ்வளவு பெரிய பிக்கப் காலியாகப் போவதைத்தானே தினமும் பார்க்கிறோம்?

சந்தை வாசலை நெருங்கும்போது பூரிப்புத் தாங்காமல் மனைவிக்குப் போன் போட்டார்.

"நோரி! நெசமாச் சொல்றேன், பின்னால ஒண்ணு இருக்கிறதே தெரியலம்மா!"

நோரீன் அப்போதுதான் காரை எடுத்துக்கொண்டு வேலியோரம் வந்திருந்தாள்.

"எப்படித் தெரியும்? அது இங்கதான கெடக்கு."

அடுப்பு நெடுஞ்சாலை ஓரத்தில், அவர்கள் வீட்டு வேலிக்குப் பக்கத்தில், முன்நாக்கைத் தரையில் குத்தி, அது வளைந்துபோய், அசைக்கமுடியாமல் நின்றது. இனி ஹாய்ட்டின் வண்டியாலும் இழுக்க முடியாது. பொழுது சாய்ந்தது. இடம் தொத்திறைச்சிக்காரனுக்குப் போனது. நோரீன் காரில் சாய்ந்து நின்று, உப்பு தேய்த்த கறிப் பெட்டிகளைப் பார்த்தாள். அழுதாளா என்று எனக்குத் தெரியாது. கேட்ட ஒருத்திக்கு அவள் சொன்ன பதில், "கறிக்கு உப்புப் போட்டாச்சு, இனிமே அழுதா கரிச்சுப்போயிடும்."

பிறகு அடுப்பை அது விழுந்த இடத்திலேயே பற்றவைத்தாள்.

திரும்பி வந்த வெர்லின் விளக்கம் சொல்ல வாயெடுத்தார். "கட்டை கொண்டா" என்றாள். அவர் புது வண்டியின் தட்டில் கீறல் விழாமல் விரிக்கப் போர்வை எடுக்கப் போனார்.

"போர்வை எதுக்கு? கட்டை தூங்கப்போகுதா?"

முதல் கருவேலக் கட்டை பளபளத்த தட்டில் விழுந்து கீறியபோது வெர்லினின் முகத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். பிரசவ அறைக்கு வெளியே நிற்கும் ஆளின் முகம்.

மறுநாள் சனிக்கிழமை. சந்தைக்குப் போக கவுண்டி முழுவதற்கும் அந்த ஒரு சாலைதான். புகை சாலைக்குக் குறுக்கே படுத்திருந்தது. முதலில் ஒரு வண்டி நின்றது, பிறகு பத்து நின்றன, பிறகு குதிரை ஏற்றிய டிரெய்லர்கள் நின்றன, பிறகு சந்தையிலிருந்து திரும்பிக்கூட வந்து நின்றார்கள். தொத்திறைச்சிக்காரனே ஒரு தட்டு வாங்கினான் என்று சொல்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் உப்பில்லாத பீன்ஸ் தின்று வளர்ந்த ஒரு வாட்டசாட்டமான பையன் ஒரு வாய் தின்றுவிட்டு, "ஸ்டக்கி அம்மா, இத்தனை வருஷமா இதையெல்லாம் எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?" என்றான்.

"மரத்தடியில" என்றாள் நோரீன், வெட்டுவதை நிறுத்தாமல்.

கூட்டத்தில் இடமில்லாததால் வெர்லின் தன் வண்டியை ஒரு மைல் தள்ளி நிறுத்திவிட்டு ஐஸ் மூட்டையைத் தோளில் தூக்கி வந்தார். அவர் வாழ்க்கையில் இழுத்த முதல் பாரம்.

இதோடு அவர் திருந்திவிட்டார் என்று நினைத்தால் இந்த இனத்தை நீங்கள் இன்னும் புரிந்துகொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, பின்பைகளில் கைவிட்டு, குதிகாலில் ஆடியபடி ஒரு புது மாப்பிள்ளைக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்: "எல்லாவனும் எஞ்சினையே பாக்கிறான், தம்பி. குண்டப் பாக்கணும், குண்ட! அதுல எத்தனை உலோகம் இருக்கு தெரியுமா?" வளைந்த நாக்கைச் சரிசெய்ய எந்த வெல்டிங்காரன் உசத்தி என்று ஒப்பிட ஆரம்பித்தார். நோரீன் காத்திருக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கு இந்த வருஷத்தோடு சரி என்று சொல்லிவிட்டு, அடுப்பின் சக்கரங்களைக் கழற்றி எறிந்து, அதை வேலியோரத்தில் சிமென்ட் கல்லின்மேல் உட்காரவைத்துவிட்டாள். "நான் எதுக்குப் போகணும்? சனம்தான் வருதே."

ஆக, பன்னிரண்டாயிரம் பவுண்டு இழுக்கும் வண்டிக்கு இழுக்க இப்போது உலகத்தில் ஒன்றுமே இல்லை. வெர்லின் கலங்கவில்லை. ஒரு படகு வாங்கலாமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறாராம். எந்தப் படகு என்பதில்தான் கொஞ்சம் யோசனை. கிடைத்ததும் இழுக்கப்போகிறார்.

சிரித்தீர்கள், நல்லது. நீங்கள் பிக்கப் வாங்கப்போவதில்லை, அதனால் தப்பித்தோம் என்ற சிரிப்பு அது. நீங்கள் வாங்கப்போவது வீட்டுமனையாக இருக்கலாம், தையல் இயந்திரமாக இருக்கலாம், பெண்ணுக்கு வரனாகக்கூட இருக்கலாம். எதுவோ, நன்றாகத்தான் ஆராய்ந்துகொண்டிருப்பீர்கள். பயணமும் அலுங்காமல் குலுங்காமல் சுகமாகவே போகும். பின்னால் ஒன்று இருப்பதே தெரியவில்லையா?

எதற்கும் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிடுங்கள்.