நீங்கள் வர வேண்டாம், சர்வரை நானே சரிசெய்துவிட்டேன்

அன்பும் பொறுமையும் நிறைந்த மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதிக்கொள்வது. நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். நீங்களும் என் மகளும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் நடுவில் புகுந்து, "மாமா, அதைத் தொடாதீங்க" என்பீர்கள். அதனால்தான் கடிதம்.

எங்கள் மருந்து மொத்த விற்பனை ஆபீஸ் சர்வரில் ஆட்கள் வீட்டிலிருந்தே நுழைந்து வேலை பார்க்கும்படி அமைத்துக் கொடுத்துவிட்டு, "லைசென்ஸ் சர்வரை அப்புறம் ஆக்டிவேட் பண்ணிக்கலாம் மாமா, இப்போதைக்குத் தற்காலிக அனுமதியில ஓடும்" என்று சொல்லிப் போனீர்கள் அல்லவா, அந்தத் தற்காலிகம் போன வாரம் முடிந்துவிட்டது. வீட்டிலிருந்து வேலை பார்க்கும் ஐந்து பேரின் கம்ப்யூட்டர்களையும் சர்வர் வாசலிலேயே நிறுத்திவிட்டது. நான்கு பேர் பரவாயில்லை, பஸ் ஏறி வந்துவிடுவார்கள். பில் போடும் பெண்ணுக்குக் கைக்குழந்தை. முதலாளியோ என் மேஜைக்கே வந்து, "திங்கட்கிழமைக்குள்ள சரியாகலைன்னா எல்லாரும் இங்க வந்துதான் வேலை பார்க்கணும். வர முடியாதவங்களுக்குப் பதிலா வேற ஆள் போட்டுக்கலாம்" என்றார். அந்தப் பெண் போனில், "சார், இந்த வேலையும் போச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?" என்று கேட்டாள். மேலாளர் என்று பெயர்ப்பலகை வைத்துக்கொண்டு, மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கும்வரை கைகட்டி உட்கார்ந்திருப்பதா? சட்டைக் கையை மடித்துவிட்டேன்.

உள்ளே நுழைய உரிமம் வழங்கும் அந்த லைசென்ஸ் சர்வரை இணையம் வழியாக ஆக்டிவேட் செய்யப் போனால், தொடர்புகொள்ள முடியவில்லை என்று ஒரே பெட்டி திரும்பத் திரும்ப வந்து நின்றது. அதுவும் விடவில்லை, நானும் விடவில்லை. கடைசியில் தொலைபேசி வழியாகவும் செய்யலாம் என்று கண்டுபிடித்தேன். சர்வர் இருப்பதோ பின்கட்டில், இருமல் மருந்துப் பெட்டிகளுக்கு நடுவே. அங்கே செல்போனில் சிக்னல் கிடையாது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினால் சிக்னல் உண்டு, திரை தெரியாது. ஆகவே வேன் டிரைவரைத் திரை முன்னால் உட்கார வைத்தேன். அவர் எண்களைக் கத்த, நான் ஜன்னலில் தொங்கியபடி போனில் சொல்ல, மறுமுனையில் இருந்த சாஃப்ட்வேர் கம்பெனி அம்மா, "சார், பின்னாடி யாரு ஏலம் விடறாங்க?" என்று கேட்டார். "ஏலம் இல்லம்மா, எங்க சர்வரோட நம்பர். எழுதிக்குங்க" என்றேன். பதிலுக்கு அவர் ஒரு நீளமான குறியீடு சொன்னார். நான் கத்தினேன், டிரைவர் தட்டினார், தவறு என்றது. மறுபடியும் தவறு. போய்ப் பார்த்தால், "படிக்க அழகா இருக்கட்டும்னு நடுநடுவுல புள்ளி வெச்சேன் சார்" என்கிறார் மனுஷன். புள்ளிகளை எல்லாம் எடுத்தோம். பச்சை அடையாளம் வந்தது!

அடுத்து, வாங்கி வைத்திருந்த ஐந்து உரிமங்களையும் ஆள் கணக்கில் போடுவதா, கருவிக் கணக்கில் போடுவதா என்று கேட்டார் அந்த அம்மா. ஆள் இன்றைக்கு இருப்பார், நாளைக்கு வேறு கம்பெனிக்குப் போவார். கருவி எங்கே போகும்? கருவிக் கணக்கிலேயே போடச் சொன்னேன்.

இவ்வளவு சாதித்ததை நாலு பேர் பார்க்க வேண்டாமா? உங்கள் அத்தையின் டேப்லெட்டில் நுழைந்து காட்டினேன். "டிவி ரிமோட்டே உங்களுக்கு ஒத்துழைக்காதே" என்று சிரித்த என் மைத்துனரின் லேப்டாப்பில் காட்டினேன். கீழ்வீட்டுத் தையல்காரர், எதிர்வீட்டுப் பல் டாக்டர் இருவரின் கம்ப்யூட்டர்களிலும் காட்டினேன். கடைசியாக முதலாளி வீட்டுக்கே போய் அவர் போனிலும் காட்டினேன். ஒரு தடவை நுழைந்தால் குருட்டு அதிர்ஷ்டம் என்பார்கள் என்று, ஒவ்வொன்றிலும் வெளியே வந்து இரண்டாம் தடவையும் நுழைந்து காட்டினேன். முதலாளி என் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

ஆகையால் நீங்கள் இதற்காக வர வேண்டாம். கிடைக்கிற லீவில் என் மகளை எங்காவது அழைத்துப் போங்கள். பில் பெண்ணுக்கு இப்போதுதான் தகவல் அனுப்பினேன். இருவரும் எல்லா நலமும் பெற்று, கம்ப்யூட்டர் கோளாறு இல்லாமல் நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
யார் உதவியும் தேவைப்படாத உங்கள் மாமா

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது பில் பெண்ணின் போன். "சார், ஒரு தடவை உள்ள விட்டுச்சு, மறுபடி போனா லைசென்ஸ் இல்லைன்னு வெளிய தள்ளுது." தொலைபேசி அம்மாவை மறுபடி பிடித்தேன். முதல் தடவை நுழையும் கருவிக்குத் தற்காலிக அனுமதிதானாம். இரண்டாம் தடவை நுழைந்தால்தான் உரிமம் அதோடு ஒட்டிக்கொள்ளுமாம். நான் இரண்டிரண்டு தடவை நுழைந்து காட்டிய கருவிகளில் ஐந்து உரிமங்களும் ஒட்டிக்கொண்டுவிட்டன. "பிடுங்க முடியாதாம்மா?" என்றேன். "அஞ்சுல ஒண்ணுதான் சார் இப்போ எடுக்க முடியும்" என்றார். நான் யோசிக்கவே இல்லை. முதலாளியின் போனிலிருந்து பிடுங்கிவிட்டேன். "வந்துடுச்சு சார்!" என்று அவள் சொன்னபோது பின்னால் குழந்தை வீறிட்டது, எனக்குக் கண் கலங்கிவிட்டது. மற்ற நால்வரும் ஆபீசுக்கு வந்தால் முதலாளிக்கு விஷயம் தெரிந்துவிடும். ஆகவே திங்கட்கிழமை ஒருவர் எங்கள் சமையலறையில், ஒருவர் தையல் கடையில், ஒருவர் மைத்துனரின் கேலிக்கு நடுவே, ஸ்டோர் கணக்கர் பல் டாக்டரின் நோயாளிகளோடு உட்கார்ந்து வேலை பார்ப்பார்கள். தபால் வந்து சேர நேரமாகும், இதைப் படமெடுத்தே அனுப்புகிறேன். முதல் வண்டியைப் பிடித்து வாருங்கள் மாப்பிள்ளை. முதலாளி இப்போது தம் சம்பந்தியைக் கூட்டி வைத்து, சர்வருக்குள் நுழைந்து காட்டப் போனைக் கையில் எடுத்திருக்கிறாராம்.