முயல் வீட்டு நீல விளக்கு

ஒரு காட்டில், கரண்டு வந்து ஒரு வருஷமும் குழாய் வந்து ஆறு மாதமும் ஆகியிருந்த சமயம், செங்கமலம் என்ற முயல் தன் புருஷன் தவசியோடும் ஒரே குட்டியோடும் குடியிருந்தது. குழாய்த் தண்ணீர் குளத்திலிருந்து வந்தது. குளத்தில் எருமைகள் படுத்திருந்தன. மழை பெய்தால் குழாயில் செம்மண் குழம்புதான் வரும்.

அந்த மழைக்காலத்தில் குட்டிக்கு மூன்று தடவை வயிற்றுப்போக்கு. மூன்றாவது தடவை அது தலையைத் தூக்கவே இல்லை. டாக்டர் கொக்கு ஒற்றைக் காலில் நின்று பார்த்தது.

“இங்க பாரும்மா, இன்னொரு தடவை வந்தா இந்த உடம்பு தாங்காது. தண்ணியைத் தெளிய வச்சு, வடிகட்டி, கொதிக்க வச்சுக் குடு.”

வீட்டுக்கு வந்ததும் தவசி முகத்தைச் சுளித்தது. “வெந்நீர் சப்புன்னு இருக்கும். எதிர்ப் புதர்ல நரி வீட்டுல தண்ணியைச் சுத்தம் பண்ற நீல விளக்கு மிஷின் வாங்கியாச்சு. நாம இன்னும் சுள்ளி பொறுக்கிக்கிட்டுத்தான் இருக்கணுமா?”

சுள்ளி பொறுக்கியதும் அடுப்பு ஊதியதும் தவசி அல்ல.

மறுநாளே மிஷின் கம்பெனி ஓணான் வந்தது. கழுத்தில் டை, கையில் கேள்விகள் அச்சடித்த ஒரு பாரம். “வணக்கம் மேடம். இந்த மிஷினுக்குள்ள புற ஊதா விளக்கு இருக்கு. தண்ணியில இருக்கிற கிருமியைக் கொன்னுடும். உங்க வீட்டுக்குப் பொருந்துமான்னு இலவசமாச் சொல்றோம். வீட்டுல எத்தனை பேர்?”

“மூணு.”

“சமையலறைச் சுவர் என்ன நிறம்?”

“மண் நிறம்.”

“எதிர் வீட்டுல மிஷின் இருக்கா?”

“இருக்கு, இருக்கு” என்று தவசி முந்திக்கொண்டது.

“அப்ப உங்களுக்குப் பொருந்தும் சார்” என்று டிக் அடித்தது ஓணான்.

“எங்க தண்ணி எப்படி இருக்கும்னு கேக்கவே இல்லையே?” என்றது செங்கமலம்.

ஓணான் பாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. “அதுக்குக் கட்டம் இல்லையே மேடம்.”

“எங்களுக்கு வர்றது செம்மண் தண்ணிப்பா. அதுல இந்த வெளிச்சம் வேலை செய்யுமா?”

ஓணான் தலையை மேலும் கீழும் ஆட்டியது.

“மழை பெஞ்சா கரண்டு போயிடுமே. அப்பவுமா?”

ஆட்டியது.

“என் குட்டிக்கு இனிமே வயிறு கெடாதா?”

அதற்கும் ஆட்டியது. ஓணான் பிறந்ததிலிருந்து எதற்கும் அப்படித்தான் ஆட்டும். அதனால்தான் அதற்கு அந்த வேலையே கிடைத்தது.

வேலியோரமாகப் போய்க்கொண்டிருந்த ஆமை நின்றது. அது குளத்திலேயே குடியிருப்பது. “தங்கச்சி, விளக்கு நல்ல விளக்குதான். தெளிஞ்ச தண்ணின்னா கிருமி செத்துடும். ஆனா மழை பெஞ்சா அந்தக் குளத்துல என் காலே என் கண்ணுக்குத் தெரியாது. வெளிச்சம் மட்டும் எப்படிம்மா உள்ள போகும்?”

“உங்க வீட்டுல மிஷின் இருக்கா?” என்று தவசி கேட்டது.

“இல்லையேப்பா.”

“வாங்க வக்கில்லாதவங்களுக்குத்தான் வாய் நீளம்” என்று சொல்லிவிட்டு, தவசி பாரத்தில் கால் ரேகையைப் பதித்தது.

மிஷின் வந்தது. சமையலறையில் மாட்டினால் வருகிறவர்களுக்கு எப்படித் தெரியும் என்று தவசி அதைக் கூடத்தில் மாட்டச் சொன்னது. சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, மாலையும் போட்டது. மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையைப் பிரித்தால் அழுக்காகிவிடும் என்று அப்படியே விட்டது. தண்ணீர் உள்ளே போன நிறத்திலேயே வெளியே வந்தது. வடிகட்டியைத் தனியாக வாங்க வேண்டும் என்று பாரத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருந்ததை ஒருவரும் படிக்கவில்லை.

மூன்றாம் நாள் குட்டிக்கு மறுபடியும் வயிறு பிடுங்கிக்கொண்டது.

செங்கமலம் அலறிக்கொண்டு போன் செய்ய, ஓணான் வந்தது. குட்டியை அது ஏறிட்டும் பார்க்கவில்லை. மிஷினைத்தான் தட்டிப் பார்த்தது. “மிஷின்ல ஒரு குறையும் இல்ல மேடம். உங்க தண்ணிதான் மிஷினுக்குப் பொருந்தலை. தண்ணியை மாத்துங்க.”

அது போனதும் செங்கமலம் பானையை எடுத்தது. “ஏங்க, நான் வெந்நீர் போடப்போறேன்.”

“கூடத்துல மிஷினை மாட்டிட்டு அடுப்புல வெந்நீர் போட்டா காடே சிரிக்கும். என் மானம் போயிடும்.”

செங்கமலம் குட்டியின் காதைத் தொட்டுப் பார்த்தது. சில்லென்று இருந்தது. தவசியின் மானத்தைத் தொட்டுப் பார்க்க அதற்கு நேரமில்லை. குட்டியைத் தூக்கிக்கொண்டு கொக்கிடம் ஓடி, உப்புக் கரைசல் வாங்கிவந்து ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டியது. பிறகு கொல்லையில் மூன்று கல்லைக் கூட்டியது. தெளிந்த தண்ணீரை இறுத்து, துணியில் வடிகட்டி, கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சியது. குழாயைத் திருகி மூடி, மிஷினின் தொட்டியைக் கொதிநீரில் கழுவி, ஆறிய தண்ணீரை அதற்குள் ஊற்றியது. தினமும் தவசி எழுந்திருப்பதற்குள் இத்தனையும் முடிந்துவிடும்.

ஐந்தாம் நாள் குட்டி எழுந்து அருகம்புல் கேட்டது.

“பாத்தியா? மிஷின்!” என்றது தவசி, ஒரு டம்ளர் பிடித்துக் குடித்துக்கொண்டே. “என்னா ருசி!”

ஓணான் குட்டியைப் போட்டோ எடுத்துக் காட்டின் முகப்பில் பெரிய போர்டு வைத்தது. பத்து வீடுகள் மிஷின் வாங்கின.

ஒரு வாரத்தில் மரகதம் என்ற அணில் அழுதுகொண்டு வந்தது. “அக்கா, அதே மிஷின்தான் எங்க வீட்டுலயும். எம் புள்ளைக்கு மட்டும் வயித்துப்போக்கு ஏன்க்கா நிக்கவே மாட்டேங்குது?”

செங்கமலம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அதன் காதில் உண்மையைச் சொன்னது.

அணில் வெடுக்கென்று எழுந்தது. “போங்கக்கா. காட்டுலயே உங்க வீட்டு மிஷின் மட்டுந்தான் வேலை செய்யணும். அதானே உங்க ஆசை?”

ஆனால் மறுநாள் காலை அணில் வீட்டுப் பின்பக்கம் புகை வந்தது. அதற்கடுத்த நாள் பக்கத்து வீட்டில். அந்த வாரக் கடைசியில் மிஷின் இருந்த எல்லா வீட்டுக் கொல்லையிலும் புகை. பிள்ளைகளுக்கெல்லாம் வயிறு சரியானது. புருஷன்மார் யாரும் சீக்கிரம் எழுந்திருக்கும் வழக்கம் இல்லாததால் ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

கம்பெனி ஆலமரத்தடியில் பாராட்டு விழா வைத்தது. ஓணானுக்குப் பதவி உயர்வு. நல்ல மிஷினாகப் பார்த்து வாங்கிய குடும்பத் தலைவர்களுக்குப் பொன்னாடை. தவசி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தது. பெண்கள் கடைசியில் நின்றார்கள். புகையில் ஊதி ஊதி எல்லோருக்கும் கண் சிவந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

ஓணான் மைக்கைப் பிடித்தது. “அங்கே பாருங்கள், தாய்மார்களின் கண்களில் ஆனந்தக் கண்ணீர்!”

காடே கைதட்டியது.

நீதி: எந்த மிஷின் உங்கள் வீட்டுக்குப் பொருந்தும் என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். அதன் வேலையைச் செய்ய வீட்டில் ஒரு பெண் இருந்தால் எல்லா மிஷினும் பொருந்தும்.